சார்ஜருக்குச் சொந்த இஞ்சின்

குலசேகரம் அத்தானைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அவர் என் அக்கா வசந்தமலரின் கணவர். தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊரில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். அத்தானுக்குப் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. கலியாண வீடோ செத்தவீடோ, எங்கே போனாலும் ஓரமாக நின்று, கொடுத்ததைச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார். கறியில் உப்புக் காணாது என்றுகூட வாய் திறந்து சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு காரை வைத்துக்கொண்டு என் வான் வண்டியையும், என் ஞாயிற்றுக்கிழமைகளையும், அக்காவின் நித்திரையையும் ஏழெட்டு வருடம் தின்றார்.

கார் என்றால் சும்மா கார் இல்லை. அறுபத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்காவில் செய்த டொட்ஜ் சார்ஜர். எங்கள் தெருவில் இரண்டு கார் விடுகிற இடத்தை ஒன்றாகவே அடைத்துக்கொள்ளும். பெரிய எட்டுச் சிலிண்டர் இஞ்சின். அத்தான் அகதியாக வந்த புதிதில் ஸ்ட்ரெத்தமில் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் காசாளர் ஷிப்ட் செய்தவர். ஒரு நாள் அப்படி ஒரு கார் வந்து நின்றதாம். கண்ணாடிக் கூண்டுக்குள் அடுக்கி வைத்த சுவிங்கம் பெட்டிகள் நடுங்கினவாம். அந்த நடுக்கம் அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று அக்கா சொல்லுவாள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, கென்ற் பக்கம் ஒரு பண்ணையில் காஞ்சோண்டிப் பற்றைக்குள் கறள் பிடித்துக் கிடந்த ஒரு சார்ஜரைக் கண்டுபிடித்தார். இழுத்து வந்தது நான்தான்.

அதை, நகரசபை வாடகைக்கு விடுகிற கராஜ் ஒன்றுக்குள் வைத்து, கதவு கதவாக, ஆணி ஆணியாகத் திருத்தினார். "இஞ்சேருங்கோ, உங்கட மற்ற மனிசி எப்பிடி இருக்கிறா?" என்று அக்கா கேட்பாள். அத்தான் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு நடப்பார்.

ஒரு குறை இருந்தது. அந்தக் காருக்குள் அதன் இஞ்சின் இல்லை. யாரோ அதைக் கழற்றிவிட்டு ஒரு வானின் சின்ன இஞ்சினை மாட்டியிருந்தார்கள். இந்த வகைக் கார்களில் காரின் எண்ணுடைய கடைசி இலக்கங்களை இஞ்சின் இரும்பிலும் வெட்டியிருப்பார்கள். இரண்டும் ஒத்துப் போனால்தான் அது அதன் சொந்த இஞ்சின். அத்தான் உலகம் முழுக்க விசாரித்தார். கிடைக்கவில்லை. இடையில் நோர்ஃபோக்கில் ஒருவரிடம் அதே ரகத்து இன்னொரு இஞ்சின் கிடைத்தது. நல்ல இஞ்சின். ஸ்டார்ட் செய்தவுடன் பற்றிக்கொள்ளும். அதைக் கொண்டுவந்து கராஜ் மூலையில் போர்த்து வைத்துவிட்டு, மாட்டாமலே இருந்தார்.

2004 வசந்தத்தில் அக்கா அழுதுகொண்டு எனக்கு ரெலிபோன் எடுத்தாள். அத்தானுக்கு இரத்தத்தில் சீனி கூடுகிற சலரோகம் பல வருடமாக இருந்தது. இப்போது அது கண்ணுக்கு ஏறிவிட்டது. கண்ணின் பின்பக்கத்து இரத்தக் குழாய்கள் கசிகின்றனவாம். லேசர் பிடித்தும் வலக்கண் பாதிக்கு மேல் போய்விட்டது. இடக்கண்ணில் எப்போது வேண்டுமானாலும் இரத்தம் இறங்கலாம், ஒரு வருடம் தாங்கலாம், தாங்காமலும் விடலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இறங்கினால் லைசென்சும் போய்விடும்.

அன்று பின்னேரம் கராஜுக்குப் போனேன். அத்தான் காரின் முன்கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாசு, அக்கா சொல்லியிருப்பா."

"ஓம்."

"எனக்கு ஒண்டு மட்டும் செய்ய வேணும். இதை நான் ஓட வேணும். பிரைட்டன் கடற்கரை வரைக்கும். நானே ஸ்டியரிங் பிடிச்சு, கண் இருக்கேக்க."

"அதுக்கென்ன அத்தான்? மூலையில கிடக்கிறதைத் தூக்கிப் போடுங்கோ. அடுத்த மாசம் பிரைட்டன்."

"அது இதின்ர இஞ்சின் இல்லை."

"ஓடும்தானே?"

"ஓடுறதெண்டால் பஸ்சும் ஓடுது," என்றார்.

எனக்குப் பொறுமை குறைவு. கையிலிருந்த துணியை வாங்கி எறிந்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு வானை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். வேறென்ன செய்வது? அக்கா புருஷன்.

காரின் பின்கண்ணாடியில் பழைய ஸ்டிக்கர் ஒன்றின் எச்சம் இருந்தது. பக்கத்து ஊரான சட்டனில் ஏதோ ஒரு கராஜின் பெயர். அந்தக் கராஜ் இருந்த இடத்தில் இப்போது கம்பளம் விற்கிற கடை. கம்பளக் கடைக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. பக்கத்துச் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்த கிழவருக்குத் தெரிந்திருந்தது. மஞ்சள் நிறமா, என்று கேட்டார். அத்தான் பழைய நிறத்தைச் சுரண்டிப் பார்த்தவர். ஓம், அடியில் மஞ்சள்தான். கென் ஹார்ட்லியின் கார், ஞாயிறு காலையில் தெருவையே எழுப்பிவிடும், கென் செத்துப்போனார், மனைவி அதே வீட்டில்தான் இருக்கிறா என்று கிழவர் கத்தரிக்கோலாலேயே வழி காட்டினார்.

மிஸஸ் ஹார்ட்லி மெலிந்து உயர்ந்த பெண்மணி. வாசலில் இரண்டு கறுத்த ஆண்கள் நின்று செத்துப்போன புருஷனின் காரைப் பற்றி விசாரித்தால் யாரும் கதவைச் சாத்துவார்கள். அவ தேத்தண்ணீர் தந்தா. எழுபத்து நாலில் பெற்றோல் விலை ஏறியபோது கென் பெரிய இஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு வான் இஞ்சினைப் போட்டாராம். பிறகு காரை விற்க வேண்டி வந்ததாம். இஞ்சினை விற்க மனம் வரவில்லையாம். பின்வளவுக் கொட்டிலுக்குள் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனா.

பலகை மேல் தார்ப்பாய் போர்த்தி இருந்தது. அத்தான் தார்ப்பாயை விலக்கிவிட்டுக் குந்தினார். கைக்குட்டையால் கிறீசைத் துடைத்தார். எண் வெட்டிய இடத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் ஒவ்வோர் இலக்கமாகத் தடவினார். நான் காரின் எண்ணை மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். கடைசி இலக்கத்தில் அவர் விரல் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எல்லா இலக்கமும் ஒத்துப் போயிருந்தன.

மிஸஸ் ஹார்ட்லி அவரது முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றா. "அப்படியானால் நீங்களே கொண்டுபோங்கள். கென் இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்," என்றா.

அத்தான் எழுந்து கையைத் துடைத்தார். தலையை ஆட்டினார். "இல்லையில்லை, வேண்டாம். அப்படி எப்படி எடுப்பது," என்றார்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் தேத்தண்ணி குடியுங்கோ என்றால் முதல் தரம் வேண்டாம் என்போம். இரண்டாம் தரமும் வேண்டாம் என்போம். அவர்கள் அடுப்பில் தண்ணி வைத்த பிறகு சரி, அரைவாசி போதும் என்போம். வேண்டாம் என்பது எங்களுக்கு ஒரு தொடக்கம். மிஸஸ் ஹார்ட்லிக்கு அது முடிவு.

"ஓ, சரி," என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயை இழுத்து மூடினா.

அத்தான் அங்கேயே நின்றார். நான் அவருடைய முழங்கையைத் தட்டினேன். அவர் இரண்டாம் தரக் கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவ கொட்டிலின் கதவைப் பூட்டி, எங்களை வாசல் வரை கொண்டுவந்து, வந்தது சந்தோசம் என்று கை கொடுத்தா.

வானுக்குள் ஏறியதும் கேட்டேன். "ஏன் அத்தான் வேண்டாம் எண்டனீங்கள்?"

"ஒருக்காக் கேட்ட உடன வாங்கினால் என்ன நினைப்பா? காணாததைக் கண்டவன் மாதிரி."

"அவ வெள்ளைக்கார மனிசி. ஒருக்காத்தான் கேப்பா. திரும்பிப் போய்த் தாங்கோ எண்டு கேளுங்கோ."

"இப்பவே போய் நிண்டால் வடிவில்லை. வாற ஞாயிறு ஏதும் வாங்கிக்கொண்டு போவம். வெறுங்கையோட போய்க் கேக்கிறதே?"

நானே இறங்கிப் போய்க் கேட்டிருப்பேன். அவர் எட்டி என் பக்கத்துக் கதவுப் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். மரியாதை என்று வந்துவிட்டால் இந்த மனிதரை அசைக்க ஏலாது. வானைக் கிளப்பினேன்.

அடுத்த ஞாயிறு அக்கா பழக்கூடை கட்டித் தந்தாள். மேலே சொக்லேட் பெட்டியும் வைத்திருந்தாள். வீட்டு வாசலில் அட்டைப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. மிஸஸ் ஹார்ட்லியின் மகள் தாயைக் கடலோரத்து ஃபிளாட் ஒன்றுக்குக் கூட்டிப் போகிறாளாம். பின்வளவுக் கொட்டிலின் கதவு திறந்திருந்தது. உள்ளே பலகைகூட இல்லை.

"வீடு வெறுமையாக்குகிறவர்கள் கிழமை நடுவில் வந்தார்கள். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன்," என்றா மிஸஸ் ஹார்ட்லி. பிறகு அத்தானின் முகத்தைக் கண்டு தடுமாறினா. "நீங்கள் வேண்டாம் என்றீர்களே."

"ஓம், சொன்னேன்," என்றார் அத்தான். பழக்கூடையை அவ கையில் கொடுத்தார். அவரைக் கட்டிப் பிடிக்கவும் தோன்றியது, இரண்டு அறை விடவும் தோன்றியது.

வீடு வெறுமையாக்குகிற ஆளின் நம்பரை மகள் தந்தாள். அவனைப் பிடித்துக் கேட்டபோது, இரும்பெல்லாம் கனிங் ரவுண் பக்கத்துப் பழைய இரும்பு யார்டுக்குப் போய்விட்டது, ஞாயிறு பூட்டு, திங்கள் காலையில் உருக்கப் போகிற லொறி ஏறும் என்றான்.

திங்கள் காலை அத்தான் டிப்போவுக்குச் சுகமில்லை என்று சொன்னார். வாழ்க்கையில் முதல் பொய்யாக இருக்க வேண்டும். பிளக்வோல் சுரங்கப் பாதைக்கு முன்னால் கார்கள் அசையாமல் நின்றன. நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். அத்தான் ஒரு கண்ணைக் கையால் மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"இடக்கண்ணுக்குள்ள ஒரு கறுப்பு நூல் ஆடுது."

"எப்ப தொட்டு?"

"விடியத் தொட்டு."

நூல் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று டொக்டர் சொன்னதை அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். வானைத் திருப்ப இடமில்லை. முன்னாலும் லொறி, பின்னாலும் லொறி.

"சுரங்கம் தாண்டினதும் நேர ஆஸ்பத்திரி," என்றேன்.

"முதல் யார்டு."

"அத்தான், கண்."

"கண்ணுக்காகத்தானே வாசு ஓடுறன். லொறி ஏறிட்டுதெண்டால் பிறகு கண் இருந்தென்ன?"

இப்படிப் பேசுகிற ஆளுடன் என்ன வாதம் செய்வது? சுரங்கம் தாண்டியதும் யார்டுக்கே விட்டேன். கிரேன் இரும்பைக் கவ்வி லொறிக்குள் போட்டுக்கொண்டிருந்தது. அத்தான் குவியலை நோக்கி ஓடினார். கால் தடுக்கி விழப் போனவரை நான் பிடித்தேன். யார்டுக்காரன் கையை உயர்த்திக் கிரேனை நிறுத்திவிட்டுக் கத்தினான். எதைத் தேடுகிறோம் என்று சொன்னேன். அமெரிக்க இஞ்சினா, அது சனிக்கிழமையே போய்விட்டது, அப்டன் பார்க்கில் ரயில் பாலத்து வளைவுக்குள் கராஜ் வைத்திருக்கிற டெரி கொண்டுபோனான் என்றான்.

கிரீன் ஸ்ட்ரீட் வழியே போனால் வழக்கமாக நான் மரக்கறி வாங்காமல் வரமாட்டேன். அன்று எதுவும் கண்ணில் படவில்லை. டெரியின் கராஜ் சந்துக் கடைசியில் இருந்தது. இஞ்சின் நிலத்தில் ஒரு பழைய டயரின் மேல் கவிழ்ந்து கிடந்தது. தலைப்பகுதிகளைக் கழற்றிவிட்டிருந்தான். உள்ளே சுழலுகிற தண்டும் பிஸ்டன்களும் இல்லை. வெறும் வார்ப்பு மட்டும்தான் மிச்சம்.

டெரி கெட்டவன் இல்லை. கரகரத்த குரல், கிறீஸ் படிந்த கறுப்புக் கைகள். தலைகளை ரொம்ஃபோர்டில் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன், தண்டு இன்னொருவனிடம் போய்விட்டது, வார்ப்பு நாளைக்கு மெஷின் கடைக்குப் போகிறது, சிலிண்டரை அகட்டி என் ரேஸ் காருக்குள் போடப் போகிறேன் என்றான். ரேஸ் காருக்குள் போனால் ஒரு பருவம் தாங்கினால் பெரிய விசயம் என்பது எனக்கே தெரியும். விற்கமாட்டேன் என்று ஒரே சொல்லாகச் சொன்னான். அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்று யோசித்தான். "ஓடுகிற இஞ்சின் ஒன்று இதே ரகத்தில் கொண்டு வந்தால் மாற்றிக்கொள்ளலாம். வேண்டுமா, வேண்டாமா?"

நான் அத்தானுக்கு முன்னால் வந்து நின்றேன். "அத்தான், தயவுசெய்து கேளுங்கோ. மூலையில கிடக்கிறது மட்டும்தான் எங்களிட்ட ஓடுற இஞ்சின். அதைக் குடுத்தால் இந்த வெறும் இரும்பை வைச்சு எப்ப ஓடப் போறியள்? தலை வேணும், தண்டு வேணும், பிஸ்டன் வேணும். ஒரு வருசம் போகும். உங்களிட்ட ஒரு வருசம் இருக்கோ?"

அவர் குந்தி, வார்ப்பின் விளிம்பில் விரலை வைத்தார்.

"டிப்போவில நான் இவ்வளவு காலமும் என்ன செய்யிறனான் எண்டு உனக்குத் தெரியுமே? ஒரு பஸ்ஸின்ர இஞ்சினைக் கழட்டி இன்னொண்டுக்குப் பூட்டுறன். அதின்ரயைக் கழட்டி வேறொண்டுக்கு. எந்தப் பஸ்ஸுக்கும் அதின்ர இஞ்சின் இல்லை. ஆரும் கேக்கிறதும் இல்லை. ஒரே ஒரு வண்டி அதின்ர இஞ்சினோட ஓட வேணும், அதை நான் ஓட வேணும். வேற இஞ்சினோட ஓடினால் நான் இந்தக் காரை ஓடின மாதிரி இல்லை."

டெரி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "என்ன, வேண்டுமா?"

அத்தானின் தலை பக்கவாட்டில் அசையத் தொடங்கியது. பழக்க தோசம். அந்த இல்லையில்லை வாய்வரை வந்துவிட்டதை நான் கண்டேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வேணும்," என்றார் தமிழில்.

டெரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கையை நீட்டினான்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன இரத்தக் கசிவு, தானாக வடியும் என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து எங்கள் இருவரையும் திட்டினாள். பிறகு உட்கார்ந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கிறீஸ் அப்பிய கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

அதற்குப் பிறகு மாதக்கணக்காக அலைச்சல்தான். தலைகளைத் தேடி ரொம்ஃபோர்டுக்குப் போனோம். ஒன்று கிடைத்தது, மற்றது வெடித்திருந்தது. தண்டு வெஸ்ட் மிட்லன்ஸ் வரை போய்விட்டிருந்தது. அதை வைத்திருந்தவன் விடுவதற்கு ஐப்பசி வரை இழுத்தடித்தான். அமெரிக்காவிலிருந்து வந்த பிஸ்டன்கள் அளவு பிழை, திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் அத்தான் வாசலில் நின்று, வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டுக் காரின் நம்பர் பிளேட்டை வாசிப்பார். அக்கா சமையலறை ஜன்னலால் அவருடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வாசித்து முடித்தால்தான் அவள் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

அன்று சட்டனில் ஓம் என்றிருந்தால் முழு இஞ்சினும் முழுசாகக் கிடைத்திருக்கும். ஆவணியில் பிரைட்டன் போயிருப்போம். இதை நான் அவரிடம் ஒரு தரம் சொன்னேன். "தெரியும்," என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

மாசியில், இஞ்சின் பாதி கோத்திருந்தபோது, இடக்கண்ணில் பெரிதாக இரத்தம் இறங்கியது. கராஜுக்குள் காருக்கு அடியில் படுத்திருந்தவர், "வாசு, மை ஊத்தின மாதிரி இருக்கு," என்றார் மெதுவாக. கத்தவில்லை. ஸ்பானரை நிலத்தில் தடவி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். ஒப்பரேசன் செய்தார்கள். வெளிச்சமும் உருவமும் திரும்பின. முகங்களும் எழுத்துகளும் திரும்பவில்லை. டிப்போவில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். லைசென்ஸ் கொடுக்கிற கந்தோருக்கு அவரே அட்டையை உறைக்குள் வைத்து, நக்கி ஒட்டி, தபால்பெட்டியைத் தடவிக் கண்டுபிடித்துப் போட்டார். அக்காவையும் தொட விடவில்லை.

காரை இனித் தொடமாட்டார் என்று நினைத்தோம். அவர் அடுத்த கிழமையே கராஜுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கையால் தடவிக் கோத்தார். நுணுக்கமான அளவுகளை என்னை வாசிக்கச் சொல்லி, பிழையாக வாசித்தால் ஏசினார். வைகாசியில் ஒரு நாள் இஞ்சின் பற்றியது. கராஜ் தகரக் கதவு அதிர்ந்தது. அத்தான் இஞ்சின் மேல் குனிந்து காதை வைத்து ஏதோ ஓர் ஆணியை மயிரளவு திருப்பினார். சத்தம் சீரானது. அவர் சிரித்ததைப் பார்த்து எனக்குச் சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது. கார் ஓடும். ஆளும் இருக்கிறார். இடையில் கண் மட்டும் இல்லை.

அக்காவுக்கும் அதே பயம். காரின் திறப்புச் சாவியை எங்கே ஒளித்தாலும் அவர் எடுத்துவிடுவார் என்றாள்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவளிடமிருந்து ரெலிபோன் வந்தது. "தம்பி, அவரையும் காணேல்லை, திறப்பையும் காணேல்லை."

நான் செருப்புக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். தெருவில் சனம் நிறைந்த நேரம். சந்தைக்குப் போகிறவர்கள், தள்ளுவண்டியில் பிள்ளைகள். கராஜ் வரிசைக்குத் திரும்புகிற மூலையிலேயே அந்தச் சத்தம் கேட்டது. கதவு மேலே தூக்கியிருந்தது. சார்ஜரின் மூக்கு வெளியே வந்திருந்தது. அத்தான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிமிர்ந்து இருந்தார். இஸ்திரி போட்ட சேர்ட். தலை வாரியிருந்தார். கார் அங்குலம் அங்குலமாக முன்னுக்கு வந்தது.

நான் குறுக்கே போய் நின்றேன். கையை உயர்த்தினேன். கார் நிற்கவில்லை. கத்தினால் இஞ்சின் சத்தத்துக்குள் கேட்காது. பொனற் மூடியில் இரண்டு கையாலும் அடித்தேன். என் முழங்காலில் இரும்பு முட்டியது. பிறகுதான் நின்றது.

"முன்னுக்கு நிக்கிறது ஆர்?" என்று ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினார்.

"நான்தான் அத்தான். வாசு."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இடையில் பொனற்றின் நீளம் மட்டும்தான். நல்ல வெயில். இஞ்சின் எங்கள் இருவருக்கும் நடுவில் உறுமிக்கொண்டு நின்றது.

"நீ எண்டு தெரியேல்லை," என்றார். "ஆள் நிக்கிறதே தெரியேல்லை வாசு."

அவர் கியரை எடுத்து நடுவில் விட்டார். பார்க்கிங் பிரேக்கை மிதித்தார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சீட்டில் அரக்கி அரக்கி மற்றப் பக்கம் போனார்.

"ஏறு," என்றார். "கிளச் பாரம். மெல்ல விடு."

அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து, என்னோடுதான் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். பிரைட்டன் போவமா என்று கேட்டேன். வேண்டாம், இஞ்ச ஒரு சுத்துச் சுத்து என்றார். கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று சத்தத்தைக் கேட்டே சொன்னார். இப்ப. இப்ப. பொறு. இப்ப. நான் சொன்னபடி செய்தேன்.

மிச்சம் சந்தையடிச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. எதிர்த்திசையில் வந்த பஸ் ஒன்று நெரிசலில் எங்கள் வலப்பக்கத்தோடு ஒட்டி நின்றது. சார்ஜர் அமெரிக்கக் கார், ஸ்டியரிங் இடப்பக்கம். ஆகவே இந்த ஊரில் சாரதி இருக்க வேண்டிய வலப்பக்கத்தில் அத்தான் இருந்தார். பஸ் சாரதி தன் ஜன்னலை இழுத்துத் திறந்து, நேரே அவரைப் பார்த்துச் சிரித்தான். இளம் பையன். "எப்படி ஐயா, ஓட்ட நல்லா இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

அத்தான் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவன் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் பார்த்தார்.

"ஸ்டியரிங் கொஞ்சம் இலேசு, கை பதமாக இருக்க வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில். "பிரேக்கைக் கொஞ்சம் முந்தியே மிதிக்க வேண்டும். இரண்டாம் கியரில் தூக்கும். அப்போது பயப்படக் கூடாது. மற்றபடி சொன்னபடி கேட்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இதனுடைய சொந்த இஞ்சின்," என்றார்.

அவன் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். அத்தானுக்கு அது தெரியவில்லை. எனக்கும் கண் நிறைந்து றோட்டே மங்கலாகிவிட்டது. பின்னாலிருந்து யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

"பச்சை விழுந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அத்தான்," என்றேன். "விழுந்திட்டுது."